பதிவேட்டில் விட்டு வந்த படம்

மேலப்பேரி நூல் மில்லை விட்டு யார் கிளம்பினாலும், வயதாகிக் கிளம்பினாலும் சரி, கல்யாணமாகிக் கிளம்பினாலும் சரி, சூப்பர்வைசரோடு சண்டை போட்டுக்கொண்டு கிளம்பினாலும் சரி, டைம் ஆபீஸ் பிச்சையா அவர்களுடைய சர்வீஸ் புத்தகத்தை எடுத்து, சேர்ந்த அன்றைக்கு முதல் பக்கத்தில் ஒட்டிய போட்டோவை ஈரத் துணியால் நனைத்து நனைத்து உரித்து, ஒரு பழுப்பு உறையில் போட்டு, கூடவே ஒரு எலுமிச்சம்பழமும் வைத்துக் கையில் கொடுப்பார். எதற்காக இந்த வழக்கம் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பிச்சையாவுக்கும் தெரிந்திருக்காது. அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் கொடுத்தார், அவருக்கும் முன்னால் இருந்தவர் கொடுத்தார். வாங்கிக்கொண்டவர்கள் வாசலைத் தாண்டுவதற்குள் உறையைப் பிரித்து, நானா இது, இவ்வளவு முடி இருந்ததா எனக்கு என்று ஒரு தடவை சிரித்துவிட்டுப் போவார்கள்.

உலகம்மாள் மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை. மே மாதம் முப்பத்தொன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, இருபத்து மூன்று வருஷம் நூல் பார்த்த கண்ணோடு டைம் ஆபீஸ் ஜன்னலில் வந்து நின்றவள், பிச்சையா துணியை நனைப்பதைப் பார்த்து, "அது கெடக்கட்டும் அண்ணாச்சி" என்றாள்.

"ஏம்மா, வழக்கம்லா?"

"அத வச்சு நான் என்ன செய்யப் போறேன். பழத்தக் குடுங்க, போதும்."

பிச்சையா துணியைப் பிழிந்து காயப்போட்டார். உலகம்மாள் வீட்டுக்கு வந்து, பழத்தை நறுக்கி, தனக்கும் புருஷன் சண்முகவேலுக்குமாக ரெண்டு டம்ளர் சர்பத் கலக்கினாள். ஒரே பழம் என்பதால் கொஞ்சம் நீர்த்துத்தான் இருந்தது.

அவளுக்கு மில் மேல் வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஊரில் பின்னால் பலவிதமாகச் சொன்னார்கள். அவளுக்கு எதுவுமே இல்லை, அதுதான் விஷயம். சம்மணம் போட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்து எழுந்தால் கால் மரத்துப்போய், கிள்ளினாலும் யாருடைய காலையோ கிள்ளினதுபோல் இருக்குமே, அப்படி ஆள் முழுக்க மரத்துப்போயிருந்தாள். அவள் வேலை பார்த்த லேபுக்கு ஜன்னல் கிடையாது. நூலுக்கு ஒத்துக்கொள்ள வேண்டும் என்று பன்னிரண்டு மாதமும் அங்கே ஒரே குளிர், ஒரே ஈரம். கறுப்புப் பலகையில் வெள்ளை நூலைச் சுற்றிவைத்து, எங்கே தடித்திருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது என்று பார்த்து எழுதுவது அவள் வேலை. வெளியே மழை பெய்ததா என்பதை ஷிப்ட் முடிந்து வந்து தரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். ஒருநாள் கோயம்புத்தூரில் படிக்கிற மகன் போன் போட்டு, நாம் கன்னியாகுமரி போனது எந்த வருஷம் என்று கேட்டான். அவள் யோசித்துப் பார்த்தாள். ஒரு வருஷத்துக்கும் அடுத்த வருஷத்துக்கும் நடுவில் எங்கேயும் ஒரு தடிப்போ மெலிவோ தட்டுப்படவில்லை.

சண்முகவேல் எலுமிச்சை மண்டிக்கு லோடு வேன் ஓட்டுகிறவர். இடுப்பு பிடித்துக்கொண்ட ஒரு கோடையில் அவர் பெண்டாட்டிக்கு வண்டி பழக்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் பழ மூட்டைகளோடு அவள் ஓட்டிப் போவாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போது மட்டும், ரோட்டில் ஆடு நிற்கிறது என்றால் ஆடு நிற்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. அதைச் சந்தோஷம் என்று அவள் சொல்லவில்லை; ஆடு தெரிந்தது, அவ்வளவுதான். பின்பு தென்காசி ரோட்டில் இருக்கிற சின்னப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வேன் ஓட்ட ஒரு பெண் வேண்டும் என்று கேள்விப்பட்டு, லைசென்ஸை எடுத்துக்கொண்டு போய் நின்றாள். தலைமையாசிரியை ஜெசிந்தா ரெண்டு தெரு ஓட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, வேலை உங்களுக்குத்தான், ஆனால் மில்லில் இருந்து ரிலீவிங் ஆர்டர் வேண்டும், ஏழாம் தேதி வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குள் அது என் மேசைக்கு வராவிட்டால் அடுத்த ஆளுக்குச் சொல்லிவிடுவேன், திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது என்றார். அப்புறம் ஒரு விதியையும் சொன்னார்.

"பிள்ளையக் கூட்டிட்டுப் போக ஆள் வரணும். கார்டுல ஒட்டியிருக்க போட்டோவையும் வந்த மூஞ்சியையும் ஒத்துப் பாக்கணும். ஆள் வராம எந்தப் பிள்ளையையும் தெருவுல எறக்கி விட்டுட்டு வந்துரக் கூடாது."

உலகம்மாள் சரி என்று தலையாட்டினாள். எல்லாவற்றுக்கும் அப்படித்தான் ஆட்டுவாள்.

மில்லை விட்டு வந்த மறுநாள் சனிக்கிழமை, எட்டு மணிச் சங்குக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, மில் வாசலில் முகம் பார்க்கிற மெஷினுக்கு முன்னால், இருபத்தொரு வயது உலகம்மாள் வந்து நின்றாள். அந்தக் காலத்தில் கலர் போட்டோ என்றால் மதுரைக்குப் போய்க் கழுவி வர நாலு நாளாகும், கறுப்பு வெள்ளை என்றால் அன்றைக்கே கையில் கிடைக்கும் என்பதால் அவள் கறுப்பு வெள்ளையில்தான் எடுத்திருந்தாள். அதனால் வந்து நின்றவளும் கறுப்பு வெள்ளையாகத்தான் இருந்தாள், சேலை சாம்பல், பொட்டு கறுப்பு, பவுடர் அப்பின முகம் மட்டும் சுண்ணாம்பாக. ஒரே ஒரு இடத்தில் நிறம் இருந்தது. போட்டோவின் மேல் பாதியும் காகிதத்தின் மேல் பாதியுமாகக் குத்தின மில்லின் வட்ட ரப்பர் முத்திரை, அவளுடைய இடது தோளில் ஊதா நிறப் பிறையாக விழுந்திருந்தது. நிஜ உலகம்மாளின் முகத்தை மூன்று தடவைக்கு ரெண்டு தடவை தெரியவில்லை தெரியவில்லை என்று திருப்பி அனுப்பின அந்த மெஷின், இவளைப் பார்த்ததும் ஒரே தடவையில் பச்சை விளக்கைப் போட்டு, நன்றி என்றது.

பிச்சையா அவளுடைய சர்வீஸ் பதிவேட்டைத் திறந்து பார்த்தார். முதல் பக்கத்தில் போட்டோ இருந்த இடம் வெள்ளைக் கட்டமாக இருந்தது. முத்திரையின் மறுபாதி அதன் ஓரத்தில் துண்டாக நின்றது. அவர் மூடி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

மில்லில் முதல் நாள் கொஞ்சம் பேசினார்கள். பாஸ்போர்ட் சைஸ் படத்தில் நெஞ்சுக்குக் கீழே ஒன்றும் கிடையாதே, இவளுக்குக் கால் எப்படி வந்தது என்று ஸ்பின்னிங்கில் ஒருத்தி கேட்டதற்கு, படம் பிடித்தபோது கால் இருந்ததே, கேமராக்காரன் வெட்டினால் கால் இல்லாமல் போய்விடுமா என்று கோன் பிரிவில் பதில் சொன்னார்கள், அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. ரெண்டாம் நாள் அவளுக்கு ஒரு டம்ளர் டீ சேர்த்துப் போடலாமா என்று கேண்டீனில் யோசித்தார்கள். அவள் குடிப்பதில்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள். மூன்றாம் நாள் ஒரு கல்யாணத் தரகர் வாசலுக்கே வந்து, பெண் லட்சணமாக இருக்கிறாள், ஜாதகம் கிடைக்குமா என்று விசாரித்து, ஜாதகம் ஏற்கெனவே சண்முகவேலோடு பொருந்தி இருபது வருஷம் ஆகிறது என்று கேள்விப்பட்டு, அப்படியா என்று சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். வேலையில் அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கறுப்புப் பலகைக்கும் வெள்ளை நூலுக்கும் அவள் நிறம் பொருந்திப்போனது. தடிப்பைக் கண்டால் சின்னதாக ஒரு சந்தோஷம் காட்டுவாள், அதைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் நூலைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். சாயங்காலச் சங்கு ஊதினதும் டைம் ஆபீஸுக்கு வந்து, பிச்சையா திறந்து வைத்த பக்கத்துக்குள் போய்விடுவாள். அவர் பீரோவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

ரிட்டயராகிப் பத்து வருஷமான கோயில்பிள்ளை மேஸ்திரி தினமும் காலையில் வாசலுக்கு எதிரே வந்து நின்றார். அவருடைய படத்தை அவர் அப்போதே வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஆனாலும் வந்து நின்றார். என்ன மேஸ்திரி என்று கேட்டால், சும்மா, காத்தாட என்றார்.

அவள் செருப்பில்லாமல் நடந்ததுதான் பெண்களுக்குப் பொறுக்கவில்லை. லேப் தரை சில்லென்று இருக்கும். யார் யாரோ வீட்டிலிருந்து செருப்பு கொண்டுவந்தார்கள், எல்லாவற்றையும் மரியாதையாக மறுத்துவிட்டாள். "எனக்குச் செருப்பு இருக்கு, ஸ்டுடியோ வாசல்ல கழட்டிப் போட்ருக்கேன், போகும்போது போட்டுக்கிடுவேன்" என்றாள். அந்த ஸ்டுடியோ மூடிப் பதினைந்து வருஷம் ஆகிறது, இப்போது அங்கே உரக்கடை இருக்கிறது என்பதை அவளிடம் ஒருவரும் சொல்லவில்லை.

இதெல்லாம் உலகம்மாளுக்குத் தெரியாமல் இல்லை, ஊரே வந்து சொன்னது. தன் போட்டோ தான் விட்ட வேலைக்குப் போகிறது என்று கேட்டபோது அவள் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டுக் கரைத்தாள்.

"ஒனக்கு ஒண்ணும் தோணலியா?" என்றார் சண்முகவேல்.

"என்ன தோணணும்?"

பெண்டாட்டி இப்படி ஆகிப் பல வருஷம் ஆகிறது, எந்த வருஷம் என்று அவருக்கும் சொல்லத் தெரியாது.

திங்கட்கிழமை ரிலீவிங் ஆர்டர் வாங்கப் போனாள். மேனேஜர் ரகுநந்தன் கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள், தங்கமான மனுஷன், கம்ப்யூட்டர் சொல்வதைத் தாண்டி ஒரு எட்டு வைக்க மாட்டார். திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"பாருங்க. சனிக்கிழமை பிரசென்ட். இன்னைக்கும் பிரசென்ட். வேலைக்கு வந்துட்டிருக்கிறவங்களுக்கு எப்படிங்க ரிலீவிங் குடுக்கிறது?"

"வாரது நான் இல்ல சார். என் படம்."

"அது எனக்குப் புரியுதுங்க. சிஸ்டத்துக்கு முகந்தானுங்களே."

"நான் எழுதிக் குடுத்தேம்லா, வேலைய விடுதேன்னு?"

அவர் அந்தக் கடிதத்தை எடுத்தார். சொந்தக் காரணங்களுக்காக என்று ஒரே வரி. கீழே கையெழுத்து, புருஷன் பெயரின் முதலெழுத்தோடு, ச. உலகம்மாள். சர்வீஸ் புத்தகத்தில் இருக்கிற மாதிரிக் கையெழுத்தோ அப்பா சுப்பையாவின் பெயரோடு, சு. உலகம்மாள். ரெண்டும் ஒத்துப்போகவில்லை, இதை நான் முன்னாடியே பார்த்திருக்க வேண்டும், என் தப்புதான் என்று வருத்தப்பட்டார்.

"அந்தப் புள்ளகிட்ட ஒரு லெட்டர் எழுதி வாங்கிக் குடுத்துருங்க. கையெழுத்து ஒத்துப்போயிரும், முகமும் நின்னுரும். அஞ்சு நிமிஷத்துல ஆர்டர் அடிச்சுத் தர்றேன்."

அவளுக்கு அலைச்சலாகப் பட்டது. அதைவிட, படத்தை உரித்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்து, சாயங்காலம் சங்கு ஊதினபின் பிச்சையாவை அந்தப் பக்கத்தை நனைக்கச் சொன்னாள். பிச்சையா நனைத்தார். இருபத்து மூன்று வருஷத்தில் எத்தனையோ பேருடைய முகத்தைச் சேதமில்லாமல் உரித்த கை அது. ஈரத் துணிக்கு அசையவில்லை. டீக் கெட்டிலின் ஆவியில் காட்டினார்கள், அதற்கும் அசையவில்லை. ஓரத்தில் நகத்தைக் கொடுத்தபோது தோள் பக்கம் மெல்லக் கிழிய ஆரம்பித்தது. உலகம்மாளின் கை தன்னை அறியாமல் தன்னுடைய இடது தோளுக்குப் போனது.

"வேண்டாம் அண்ணாச்சி" என்றாள்.

"வர மாட்டேங்கு. நீ அன்னைக்கே வாங்கிருக்கணும் தாயி. கெடக்கட்டும்னு சொல்லிட்டியே, அது கேட்டுக்கிட்டுல்லா இருந்திருக்கும்."

புதன்கிழமை, சாப்பாட்டு நேரத்தில், உலகம்மாள் லேபுக்குப் போனாள். தன்னுடைய நாற்காலியில் தான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். அந்த நாற்காலியின் வலது கை ஆடும், துண்டுப் பஞ்சை அடைத்துத்தான் நிறுத்த வேண்டும். இவளும் அடைத்து வைத்திருந்தாள். குளிருக்குக் கால் விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு பலகையைப் பார்த்திருந்த பெண், நிமிர்ந்து இவளைக் கண்டதும் எழுந்து நின்றாள். பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்கிற பழக்கம் அந்த வயதில் இருந்தது.

"வாங்கக்கா. இருங்க."

உலகம்மாள் வந்த விஷயத்தைச் சொன்னாள். ஒரு கடிதம் வேண்டும், பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை இருக்கிறது, வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் கொடுக்க வேண்டும்.

"நான் சேந்து மூணு நாளுதானக்கா ஆகுது" என்றாள் அந்தப் பெண். "இந்த வேலைக்கு வரணும்னு ரெண்டு நாள் சாப்பிடாமக் கெடந்தேன். அப்பா மாப்பிள பேசி முடிச்சிட்டாவ, நான் வேலைக்குத்தான் போவேன்னு சொல்லிட்டேன், அதுலருந்து எங்கூடப் பேசறதில்ல. எனக்குன்னு ஒரு நாக்காலி போட்ருக்காங்க. நூலு எப்படி இருக்குன்னு எங்கிட்ட வந்து கேக்காங்க. வீட்டுல எங்கிட்ட யாரும் எதுவும் கேட்டதே இல்லல்லா. இத எதுக்குக்கா விடணும்?"

ரெண்டு நாள் சாப்பிடாமல் கிடந்ததே உலகம்மாளுக்கு மறந்துபோயிருந்தது. வேறு யாரோ பட்டினி கிடந்த கதையைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் பேசுனாவளாக்கா? அப்பா?"

"பேசுனாவ."

"இப்பயும் பேசுதாவளா?"

"இப்ப இல்ல" என்றாள் உலகம்மாள். "ஆறு வருசமாச்சு."

சொன்ன பிறகுதான், இவளுக்கு இது தெரியாதே என்று நினைப்பு வந்தது. அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்து, மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். தோள் குலுங்கக் குலுங்க, யாரைப் பற்றியும் கவலைப்படாமல், ஒரு நாய்க்குட்டி விசும்புவதுபோல் சத்தம் போட்டு அழுதாள். பவுடர் கலைந்து கன்னத்தில் சாம்பல் கோடுகள் இறங்கின. அப்பா இறந்தபோது உலகம்மாள் மூன்று நாள் லீவு போட்டாள், வந்தவர்களுக்குக் காப்பி கலந்தாள், நாலாம் நாள் ஷிப்டுக்கு வந்து பலகையைப் பார்த்தாள். ஒரு சொட்டு வரவில்லை. வரவில்லை என்று அப்போது அவள் கவனிக்கவும் இல்லை. இப்போது எதிரே உட்கார்ந்து ஒருத்தி தன் அப்பாவுக்காக அழுவதைப் பார்த்தபோது, இது என்னுடையது, இதை ஏன் இங்கே விட்டுவிட்டுப் போனேன் என்று இருந்தது.

அந்தப் பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"நீங்க காயிதத்துக்கு வந்தியளா, எனக்காக வந்தியளா?"

பொய் சொல்லலாம் என்று தோன்றியது, ஆனால் தன்னிடமே எப்படிச் சொல்வது. "காயிதத்துக்குத்தான்" என்று சொல்லிவிட்டு உலகம்மாள் எழுந்துவிட்டாள். வாசல் வரை வந்து திரும்பி, "காலுக்கு எதையாவது போட்டுக்கயேன் பிள்ள, குளிருதுல்லா" என்றாள்.

"செருப்பு ஸ்டுடியோ வாசல்ல இருக்குக்கா. அப்பா வாங்குனது. பேசாட்டாலும் காலைல எந்திச்சு வந்து பாத்தா வாசல்ல புதுச் செருப்பு இருந்துச்சு. நீல வாரு. வேற எதையும் போட மாட்டேன்."

மில்லிலிருந்து வீட்டுக்கு ரெண்டு மைல். உலகம்மாள் பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தாள். அப்பா பேசினார் என்று சொன்னோமே, எப்போது பேசினார், என்ன பேசினார் என்று யோசித்துக்கொண்டே நடந்தாள். இருபத்து மூன்று வருஷமும் ஒரே நூலாக, எங்கேயும் விரலில் தட்டாமல் நழுவிப்போனது. அம்மன் கோயிலைத் தாண்டி, தண்ணீர் டேங்கைத் தாண்டி, உரக்கடை வாசலுக்கு வந்தபோது நின்றாள். கடைக்காரர் என்ன வேணும்மா என்றார். ஒண்ணும் இல்ல என்றாள். அவள் படிக்குக் கீழே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில்தான் கழட்டிப் போட்டாள். அந்த இடத்தில்தான், படம் பிடித்துவிட்டு வெளியே வந்தபோது, அது இல்லை.

அங்கேயே வெயிலில் நின்றாள். மீதியும் வந்தது. வரும்போது கொஞ்சம் வலித்தது, மரத்த காலில் ரத்தம் ஓடும்போது குத்துமே, அந்த மாதிரி.

வியாழக்கிழமை அவள் மில்லுக்குப் போகவில்லை. தென்காசி வரை போய் ஏழு கடை ஏறி இறங்கினாள். இப்போது யாரும்மா அந்த ரப்பர் செருப்பைக் கேட்கிறார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள்; எட்டாவது கடையில், மேல் தட்டில் தூசியோடு, நீல வார் வைத்த ஒரு ஜோடி இருந்தது. சைஸ் பார்க்க அவள் தன் காலிலேயே போட்டுப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, செருப்பை ஒரு செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு லேபுக்கு வந்தாள். அந்தப் பெண் எழுந்து நின்றாள்.

"காயிதத்துக்கு நேரமாயிட்டேக்கா. நாலு மணிக்குள்ளன்னு சொன்னியள்ல?"

"அது கெடக்கட்டும்" என்றாள் உலகம்மாள். அதே வார்த்தைதான். ஆனால் இந்தத் தடவை அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "நான் ஒன்னப் பாக்க வந்தேன். ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும், ஒனக்கு அது தெரிஞ்சிருக்காது. நீ போட்டோவுக்கு நிக்கவரைக்குந்தான ஒனக்குத் தெரியும். நான் வெளிய வந்தேன். செருப்பு இல்ல. எவளோ போட்டுட்டுப் போயிட்டா."

அந்தப் பெண்ணின் முகம் வாடியது.

"கேளு. வெறுங்காலோட வெயில்ல நடந்து வீட்டுக்குப் போனேன். அப்பா வாசல்ல பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்காவ. பத்து நாளா எம்மூஞ்சியப் பாக்கல. நான் உள்ள போறதுக்குள்ள என் காலப் பாத்துட்டாவ. பாத்துட்டு, 'செருப்ப எங்கட்டி?'ன்னாவ."

உலகம்மாள் செய்தித்தாள் பொட்டலத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"அதான் மொதப் பேச்சு. தொலஞ்சிட்டுப்பான்னேன். நான் அழுதேன், அவிய சிரிச்சாவ. சிரிச்சிட்டு, வேலை கெடச்சுட்டுல்லா, இன்னொண்ணு வாங்கிக்கிடலாம்னாவ. அத நான் இத்தன வருசமா மறந்துட்டேன் பிள்ள. முந்தாநாள் நீ அழுததப் பாத்த பெறகுதான் வந்துச்சு."

அவள் அழுதுகொண்டிருந்தாள். ஆறு வருஷத்து அழுகை, அதற்கும் முந்தினது, எல்லாம் சேர்ந்து வந்தது. அந்தப் பெண்ணும் அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். நூல் கொண்டுவந்த ஒருத்தி வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

உலகம்மாள் தரையில் உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரித்தாள். அந்தப் பெண் காலை நீட்டினாள். பாதம் பனிக்கட்டி மாதிரி இருந்தது. ஒவ்வொன்றாகத் தேய்த்துச் சூடாக்கிச் செருப்பை மாட்டிவிட்டாள். முத்திரையின் ஊதாவைத் தவிர அவள் உடம்பில் ரெண்டாவது நிறமாக அந்த நீலம் சேர்ந்தது.

"பள்ளிக்கூட வேன்ல ஜன்னல் இருக்காக்கா?"

"ரெண்டு பக்கமும் இருக்கு."

அந்தப் பெண் நாற்காலியின் கையில் அடைத்த பஞ்சை ஒரு தடவை அழுத்திவிட்டாள். பிறகு மேசையிலிருந்து ஒரு தாளை இழுத்து, குனிந்து, பள்ளிக்கூடத்தில் பழகின குண்டு குண்டு எழுத்தில் எழுதினாள். எழுதிக் கையெழுத்துப் போட்டு, மடித்துக் கையில் கொடுத்தாள். படிக்க வேண்டாம், கொண்டுபோய்க் கொடுங்கள் என்றாள். செருப்பு தரையில் பட்டுப் பட்டென்று அடிக்க, டைம் ஆபீஸ் பக்கமாக நடந்து போனாள். சங்குக்கு இன்னும் நேரம் இருந்தது.

உலகம்மாள் மேனேஜர் அறைக்கு வந்து கடிதத்தைக் கொடுத்தபோது மணி மூன்றரை. அவர் பிரித்து முதலில் கையெழுத்தை, டைம் ஆபீஸிலிருந்து வந்த சர்வீஸ் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தார். சு. உலகம்மாள், சு. உலகம்மாள். அச்சாக ஒத்துப்போனது. அப்போது அந்தப் பக்கத்திலிருந்து போட்டோ தானாக உதிர்ந்து மேசைமேல் விழுந்தது. பின்பக்கம் பசை காய்ந்து பழுப்பாக இருந்தது. ஈரத் துணியோடு வாசலில் வந்து நின்ற பிச்சையா, துணிக்கு வேலையில்லை என்று கண்டு, தன் மேசை டிராயரில் எலுமிச்சம்பழம் இருக்கிறதா என்று பார்க்கப் போனார்.

ரகுநந்தன் கடிதத்தைப் படித்தார். சின்னக் கடிதம்தான். படித்துவிட்டு இன்னொரு தடவை வாய்விட்டுப் படித்தார்.

"ஐயா, எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போக ஆள் வந்திருக்கிறது. அதனால் போகிறேன்."

அவர் தாளைக் கீழே வைத்தார். ஆர்டர் அடிக்கக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினவர், காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் நின்று, கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"ஆள் வந்திருக்குன்னு எழுதியிருக்குதுங்களே. யாருங்க வந்திருக்கிறது?"

உலகம்மாள் மேசையில் கிடந்த படத்தை எடுத்தாள். ஓரம் கிழிந்த தோளைக் கட்டைவிரலால் நீவிவிட்டு, படத்தைத் தன் முகத்துக்குப் பக்கத்தில், அவர் ஒத்துப் பார்க்க வசதியாகப் பிடித்தாள்.

"நான்தான் சார்" என்றாள்.